கற்புப் பூட்டும் அதன் திறப்பும்

இந்தத் தலைப்பைக் கண்டதும் பக்கத்தை மூடிவிட எண்ணும் வாசகர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆண்கள் தமது உறுப்பின்மீது பூட்டி அணிந்துகொள்ளும் கூடுகளைப் பற்றி ஒரு முதிய பத்திரிகையாளன் எழுத வேண்டிய தேவை என்ன என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. தேவை இருக்கிறது என்பதே என் எண்ணம். இப்பொருட்கள் இன்று இணையக் கடைகளிற் பணம் செலுத்தக்கூடிய எவருக்கும் கிடைக்கின்றன. வாங்குகின்றவர்களுள் எல்லா இனத்தவரும் எல்லா மொழியினரும் இருப்பார்கள்; தமிழர் மாத்திரம் விதிவிலக்கு என்று நம்புவதற்கு எவ்வித முகாந்தரமும் இல்லை. ஆங்கிலம் நன்கறிந்தவனுக்கு இவற்றின் சுத்தம் பற்றியும் ஆபத்துப் பற்றியும் வாசித்தறிய ஓரளவு இடமுண்டு. தமிழ் மட்டும் வாசிக்கின்றவனுக்குக் கிடைப்பது ஒன்றில் கேலி, அல்லது ஆபாசம், அல்லது மௌனம். இம்மூன்றிலும் அதிக தீங்கு விளைவிப்பது மௌனமே.

வயதுவந்த இருவர் மனமொப்பித் தமது அறைக்குள் செய்துகொள்வது சரியா தவறா என்பதில் எவரும் என் கருத்தைக் கேட்கவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் உடலின் ஒரு பகுதியை உலோகத்தாலோ பிளாஸ்ரிக்காலோ மூடிப் பூட்டும்போது சில கேள்விகள் தாமாகவே எழுகின்றன. உள்ளே தண்ணீர் செல்கிறதா? உள்ளே சென்ற இரத்தம் திரும்பி வருகிறதா? திறப்பு யாரிடம் இருக்கிறது? இவை ஒழுக்கவியற் கேள்விகள் அல்ல. தண்ணீர்க்குழாய் பொருத்துபவரும் பூட்டுத் திருத்துபவரும் கேட்கும் கேள்விகள்.

முதலிற் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். சிலுவைப்போருக்குச் சென்ற ஐரோப்பிய வீரர்கள் தம் மனைவியருக்கு இரும்புக் கச்சை பூட்டித் திறப்பைக் கொண்டுசென்றார்கள் என்ற கதையை நாம் எல்லோரும் சிறுவயதிற் கேட்டிருக்கிறோம். அது பெரும்பாலும் கட்டுக்கதை. அத்தகைய கச்சையின் மிகப் பழைய படம் 1405ஆம் ஆண்டளவில் கொன்ராட் கைசர் என்ற ஜேர்மானியப் போர்ப் பொறியியலாளர் தொகுத்த ஒரு நூலிற் காணப்படுகிறது. அதே நூலில் நடைமுறைக்கு ஒவ்வாத விசித்திரமான கருவிகள் பலவும் உள்ளமையால், அப்படத்தை ஒரு பகிடியாகவே கொள்ள வேண்டும் என்பர் ஆய்வாளர். அல்பிரெக்ட் கிளாசன் என்ற மத்தியகால இலக்கிய ஆய்வாளர் 2007இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதி, இது பிற்காலத்தவர் புனைந்த கதை என்று விரிவாக வாதிட்டார். ஐரோப்பிய அரும்பொருட் காட்சியகங்களில் மத்தியகாலப் பொருளென்று வைக்கப்பட்டிருந்த கச்சைகள் பல, 18ஆம் 19ஆம் நூற்றாண்டுகளில் வேடிக்கைப் பொருளாகச் செய்யப்பட்டவை எனப் பின்னர் கருதப்பட்டன.

ஆவணச் சான்றுகள் ஒருபுறமிருக்க, என்னைப் பொறுத்தவரை இக்கதையை வீழ்த்தப் போதுமான வாதம் சுத்தம்தான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில், இரும்பை இடுப்பிற் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஒருத்தி உயிர் வாழ்ந்திருக்க முடியுமா? வியர்வை, சிறுநீர், மாதவிடாய், துரு, உராய்ந்த தோல் ஆகிய எல்லாம் சேர்ந்து சில வாரங்களிலேயே அவளைக் கொன்றிருக்கும். கதை கட்டியவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதால் இது அவர்களுக்குத் தோன்றவில்லைப் போலும்.

பெண்களுக்குப் பூட்டுப் போட்டதாகச் சொல்லப்பட்டது கதை. ஆண்களுக்குப் போட்டது வரலாறு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ், முன்தோலின் இருபுறமும் துளையிட்டு ஒரு கொளுவியைப் பூட்டும் முறையை விவரித்திருக்கிறார். இளைஞரின் குரல் கெடாதிருக்கவும் உடல்நலத்துக்காகவும் இது செய்யப்பட்டதாம். துளையில் நூலைக் கோத்து, ஆறித் தழும்பாகும்வரை அந்நூலை நாள்தோறும் அசைத்துவர வேண்டும் என்கிறார். கொளுவி எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்றும், இச்சிகிச்சை தேவைப்படுவதைவிடத் தேவையற்றதாக இருப்பதே அதிகம் என்றும் குறிப்பிடுகிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த வைத்தியர் புண் ஆறுவதைப் பற்றியும் பாரத்தைப் பற்றியும் எழுதியதை, இன்றைய விற்பனையாளர் பலர் தமது பெட்டிக்குள் வைக்கும் துண்டுப்பிரசுரத்திற்கூட எழுதுவதில்லை.

பின்னர் வந்தது அச்சத்தின் காலம். லொசானைச் சேர்ந்த வைத்தியர் தீசோ 1760இல் சுயஇன்பத்தால் விளையும் நோய்கள் என்று ஒரு நூலை வெளியிட்டார். அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சு வைத்தியர் லால்மோன் விந்து தானாக வெளியேறுவதையே ஒரு பெருநோயாக்கினார். அந்த அச்சத்தை நம்பித்தான் உட்புறம் பற்கள் வைத்த உலோக வளையங்களும் பூட்டுடன் கூடிய கூடுகளும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்டன. உறக்கத்தில் உறுப்பு விறைத்தால் பற்கள் குத்தி ஆளை எழுப்பிவிடும். 1897இல் அமெரிக்காவில் இத்தகைய கருவியொன்றுக்குக் காப்புரிமையும் வழங்கப்பட்டது. அணிந்தவர்களுட் பலர் தம் விருப்பத்துக்கு அணிந்தவர்கள் அல்லர். சிறுவர்கள், மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள். இலண்டன் விஞ்ஞான அரும்பொருட் காட்சியகத்தின் சேகரிப்பிலும் இவ்வகைப் பல்வளையம் உண்டு.

அந்த அச்சம் ஐரோப்பாவில் மங்கிவிட்டது. நம்மிடையே மங்கவில்லை. விந்து விரயமாகிறது என்று அஞ்சி உடல் மெலிவதாக உணரும் மனநிலைக்கு இந்திய மனநல வைத்தியர் என். என். விக் 1960இல் தாது நோய்க்குறி என்று பெயரிட்டார். இலங்கையிலும் இதுவே காணப்படுவதை 1989இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை விவரித்தது. தமிழ்த் தொலைக்காட்சிகளில் இரவு வேளையில் தோன்றி இளைஞரை மிரட்டும் வைத்தியர்களை நீங்கள் அறிவீர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மிரட்டலுக்கு அஞ்சி, தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் எண்ணத்துடன் கூட்டை வாங்கி அணியும் இளைஞனும் இருக்கக்கூடும். அவனுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: உனக்கு அந்த நோய் இல்லை, அப்படியொரு நோயே இல்லை. காசைச் சேமித்துக்கொள்.

விரும்பி அணிபவர்களின் கதை வேறு. தம்பதியர் அல்லது காதலர் இருவர் தமக்குள் ஆடும் ஒருவகை விளையாட்டாகவே இது பெரும்பாலும் இருக்கிறது. ஒருவர் அணிவார், மற்றவர் திறப்பை வைத்திருப்பார். இக்கருவியின் அமைப்பு எளிது. விதைப்பைக்குப் பின்னால், அனைத்தையும் சுற்றி ஒரு வளையம். அதனோடு இணைத்துப் பூட்டும் குழாய் அல்லது கூடு முன்னால். கடினமான பிளாஸ்ரிக், சிலிக்கன், துருப்பிடிக்காத உருக்கு, தைத்தேனியம் எனப் பல பொருள்களிற் கிடைக்கின்றன. அண்மைக்காலமாக முப்பரிமாண அச்சியந்திரத்தில் வீட்டிலேயே செய்துகொள்பவர்களும் உண்டு. இவ்வகை அச்சுப்பொருளின் மேற்பரப்பிற் படைபடையாக நுண்ணிய இடுக்குகள் இருக்கும். கண்ணுக்கு மழமழப்பாகத் தெரிந்தாலும் அழுக்கும் கிருமியும் தங்க அது நல்ல இடம். மலிவான முலாம்பூசிய உலோகமும் அத்தகையதே. முலாம் உரிந்தால் உள்ளிருக்கும் நிக்கல் தோலிற் படும். நிக்கல் ஒவ்வாமை உடையவருக்கு அரிப்பும் கொப்புளமும் நிச்சயம். மலிவான கைக்கடிகாரப் பட்டியோ காதணியோ பட்டு முன்னர் அரித்த அனுபவம் உள்ளவர் இதை முன்கூட்டியே ஊகித்துக்கொள்ளலாம்.

சுத்தம் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. விருத்தசேதனம் செய்யாத ஆணின் முன்தோலுக்குள் இறந்த தோற்கலங்களும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து வெண்ணிறப் படிவு உண்டாவது இயற்கை. நாள்தோறும் தோலைப் பின்னிழுத்து இளஞ்சூட்டு நீராற் கழுவினால் அதிற் பிரச்சினை எதுவுமில்லை. கூட்டுக்குள் இருக்கும்போது தோலைப் பின்னிழுக்க முடியாது. சிறுநீர்த் துளியும் வியர்வையும் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும். ஈரமும் வெப்பமும் இருளும் ஒன்றுசேரும் இடத்திற் காளான் வகைக் கிருமி வளர்வதற்கு அதிக நாட்கள் தேவையில்லை. செம்மை, எரிச்சல், துர்நாற்றம், தயிர் போன்ற படிவு இவை மொட்டழற்சியின் அறிகுறிகள். ஆகவே இடைவெளிகள் வழியே நீரைப் பாய்ச்சிக் குளித்தால் போதும் என்று விற்பனையாளர் கூறுவதை, முன்தோல் உள்ளவர்கள் நம்பக்கூடாது. நாளுக்கு ஒரு தடவையாவது கழற்ற வேண்டும். உடலையும் கருவியையும் வெவ்வேறாகக் கழுவி, இரண்டையும் நன்கு உலர்த்திய பின்னரே மீண்டும் அணிய வேண்டும். உலர்த்துதலைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வாசனைச் சவர்க்காரமும் கிருமிநாசினித் திரவமும் அவ்விடத்து மெல்லிய தோலுக்கு ஆகாதவை. கிருமியைக் கொல்வதாக எண்ணித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வதே மிச்சம்.

சிறுநீர்த் துவாரத்துக்குள் செல்லும் குழாயுடன் கூடிய வகைகளும் விற்கப்படுகின்றன. அவற்றைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. வைத்தியசாலையில் கிருமி நீக்கிய குழாயைப் பயிற்சி பெற்ற தாதி பொருத்தும்போதே தொற்று ஏற்படும் அபாயம் உண்டு. வீட்டில் நாட்கணக்கில் அதை வைத்திருப்பது மடைமை.

அடுத்தது இரத்தவோட்டம். ஆரோக்கியமான ஆணுக்கு உறக்கத்தின்போது இரவில் மூன்று முதல் ஐந்து தடவைகள் வரை விறைப்பு ஏற்படும். ஆசைக்கும் கனவுக்கும் அதிற் பெரிய சம்பந்தமில்லை. உறக்கத்தின் ஒரு கட்டத்தில் உடல் தானாகச் செய்வது. கூட்டை அணிந்தவர்கள் முதல் சில இரவுகளில் வலியால் விழித்துக்கொள்வதன் காரணம் இதுதான். வளையம் சரியான அளவாயின் சிறிது நேரத்தில் அது தணியும். வளையம் சிறிதாயின் நாளங்களில் திரும்ப வேண்டிய இரத்தம் தடைப்பட்டு வீக்கம் உண்டாகும். வீங்கியதும் வளையம் மேலும் இறுகும், இறுகியதும் மேலும் வீங்கும். இந்தச் சுழற்சி தொடங்கிவிட்டால் மணித்தியாலங்களில் விடயம் கைமீறிவிடும். மரத்துப்போதல், குளிர்ந்துபோதல், நீலம் அல்லது கருஞ்சிவப்பு நிறம் தோன்றல் இவற்றில் ஒன்று கண்டாலும் அந்தக் கணமே கழற்ற வேண்டும். காலையிற் பார்ப்போம் என்று படுத்துவிடக்கூடாது.

இலண்டன் தீயணைப்புப் படை 2013இல் ஒரு விபரத்தை வெளியிட்டது. 2010 முதல் அதுவரை ஏதேனும் பொருளில் உடலுறுப்புச் சிக்கிக்கொண்டவர்களை விடுவிக்க 1,300க்கும் மேற்பட்ட தடவைகள் சென்றதாகவும், அவற்றுள் ஒன்பது ஆணுறுப்பில் வளையம் மாட்டிக்கொண்ட சம்பவங்கள் என்றும் அது கூறியது. பத்திரிகைகள் அதைச் சிரிப்புச் செய்தியாக வெளியிட்டன. ஆனால் தீயணைப்புப் படையினர் அதை வெளியிட்ட நோக்கங்களுள் ஒன்று எச்சரிக்கை. விரல் மோதிரத்தை வெட்ட வைத்தியசாலைகளில் இருக்கும் சிறுகருவி, தடித்த உருக்கு வளையத்துக்கு ஈடுகொடுக்காது. சுழலும் அரக்கருவியால், சூடேறாதபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தோலுக்கும் வளையத்துக்கும் இடையே தகடு செருகி வெட்ட வேண்டியிருக்கும். அதனாற்றான் வைத்தியசாலைகள் சில வேளைகளில் தீயணைப்புப் படையை அழைக்கின்றன. இதைக் கற்பனை செய்து பார்க்கும் எவரும் வளையத்தை ஓர் அளவு பெரிதாகவே வாங்குவார்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை தனியே. எங்கள் சமூகத்தில் சீனி வியாதி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை. கலியாண வீடுகளில் இனிப்பைக் கையால் மறிப்பவர்களை எண்ணினாற் போதும். நீரிழிவு மொட்டழற்சியை வரவழைக்கும். நரம்புகளைப் பாதித்து வலி உணர்வை மழுங்கச் செய்யும். புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். வலிதான் இவ்விடயத்தில் உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி. அந்த மணி கேட்காதவர்கள் இக்கருவியைத் தொடாதிருப்பதே நல்லது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும் அப்படியே.

இனிப் பூட்டுக்கு வருவோம். அனுபவமுள்ள பாவனையாளர்களிடையே ஒரு நல்ல வழக்கம் உண்டு. உலோகப் பூட்டுக்குப் பதிலாக இலக்கமிட்ட பிளாஸ்ரிக் முத்திரையைப் பாவிப்பார்கள். மின்மானிக்கு இடுகிறார்களே, அதுபோன்றது. அவசரமென்றால் சிறு கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். வெட்டினால் இலக்கம் மாறிவிடும் என்பதால் திறப்பு வைத்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். கூடும் உலோகமற்றதாயின் விமான நிலையத்தில் உலோகங்காண் கருவியும் அலறாது. இன்னும் சிலர் மேலதிகத் திறப்பொன்றை உறையிலிட்டு ஒட்டி, கையொப்பமிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்வர். நம்பிக்கையும் கெடாது, உயிரும் போகாது. இதைக் கண்டுபிடிக்க எந்தப் பொறியியற் கல்வியும் தேவைப்படவில்லை. இதற்கு நேரெதிராக, பொறியியல் கற்றவர்கள் செய்ததைப் பாருங்கள்.

சீனாவின் குவாங்டொங் மாகாணத்தைச் சேர்ந்த கியூஇ என்ற நிறுவனம் செல்மேற் என்ற பெயரில் ஒரு கூட்டை விற்றது. விலை ஏறத்தாழ 190 அமெரிக்க டொலர். அதற்குத் திறப்பே கிடையாது. கைத்தொலைபேசிச் செயலி மூலம், புளூடூத் வழியாக, பூட்டவும் திறக்கவும் வேண்டும். திறப்பு வைத்திருப்பவர் உலகின் மறுகோடியில் இருந்தாலும் இணையத்தினூடாகக் கட்டுப்படுத்தலாம் என்பதே அதன் கவர்ச்சி. பென் டெஸ்ற் பார்ட்னர்ஸ் என்ற பிரித்தானியக் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தினர் இதை ஆராய்ந்தனர். நிறுவனத்தின் வழங்கியோடு செயலி பேசும் வாயிலுக்குக் கடவுச்சொல்லே இல்லை என்பது தெரியவந்தது. எவரும் எந்தப் பாவனையாளரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பிறந்த தினத்தையும், ஏன், அவர் இருக்கும் இடத்தையும்கூடப் பெறலாம். அதைவிட மோசம், அந்நியர் ஒருவர் எல்லாக் கூடுகளையும் ஒரே நேரத்திற் பூட்டிவிடலாம். விற்கப்பட்டவை 40,000 அளவில் இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது.

2020 ஏப்ரலிலேயே அவர்கள் நிறுவனத்துக்கு அறிவித்தனர். நிறுவனம் ஜூனிற் புதிய வாயிலொன்றை அமைத்தது. பழைய வாயிலையும் திறந்தே விட்டது. பழைய வாயிலை மூடினால் ஏற்கனவே பூட்டிக்கொண்டிருப்பவர்கள் அகப்பட்டுக்கொள்வார்கள் என்ற சிக்கலும் அதில் இருந்தது. பல மாதங்கள் காத்திருந்து ஒக்டோபரில் விடயத்தைப் பகிரங்கப்படுத்தினர். வெட்டி எடுப்பதாயின் அரக்கருவியை உடலின் அவ்விடத்துக்கு மிக அருகிற் கொண்டுசெல்ல வேண்டும். மூடியைப் பெயர்த்து உள்ளிருக்கும் மின்னோடிக்கு இரண்டு சிறு பற்றரிகளால் நேரடியாக மின்கொடுத்தால் திறந்துவிடும் என்ற மாற்றுவழியையும் ஆய்வாளர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். பின்னர் நிறுவனம், திருப்புளியால் நெம்பித் திறக்கலாம் என்று விளக்கம் கொடுத்தது.

எச்சரிக்கை பலிக்க அதிக காலம் எடுக்கவில்லை. 2021 ஜனவரியில் வெளியான செய்திகளின்படி, சில பாவனையாளர்களின் கூடுகளைப் பூட்டிவிட்டு 0.02 பிட்கொயின் கப்பம் கேட்டிருக்கிறார்கள். கப்பம் கேட்டவர்கள் அனுப்பிய செய்தி இங்கே எழுதத் தக்கதன்று. பாதிக்கப்பட்டு ஊடகத்துக்குப் பேசிய ஒருவர், நல்லவேளையாக அப்போது தாம் அதை அணிந்திருக்கவில்லை என்றார். கப்பம், கடத்தல் என்ற சொற்களோடு வளர்ந்த நாட்டவன் நான். எத்தனையோ வகைக் கப்பங்களைச் செய்தியாக்கிய எனக்கும் இது புதிது.

இங்கே பிழை எங்கே நேர்ந்தது? கடவுச்சொல் இல்லாததில் என்று கணினி அறிந்தவர்கள் கூறுவார்கள். நான் அதற்கு முந்திய இடத்திற் காண்கிறேன். மின்சாரத்தாற் பூட்டப்படும் கதவுகளில் இரண்டு வகை உண்டு. மின்சாரம் நின்றால் தானாகத் திறந்துகொள்வது ஒன்று. மின்சாரம் நின்றாலும் பூட்டியே இருப்பது மற்றது. ஆட்கள் தப்பிச் செல்ல வேண்டிய வழிகளுக்கு முதல் வகையையும், வங்கியின் காசறைக்கு இரண்டாம் வகையையும் பொருத்துவது வழக்கம். செல்மேற்றை வடிவமைத்தவர்கள் மனித உடலைக் காசறையாகக் கருதினார்கள். பற்றரி இறங்கினால், கைத்தொலைபேசி தொலைந்தால், வழங்கி செயலிழந்தால், நிறுவனமே வங்குரோத்தானால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இருக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்த இலங்கையருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் நாட்டில் எவரும் அவ்வடிவமைப்பை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த விளையாட்டின் நியாயமே இருவருக்கு இடையிலான நம்பிக்கைதான். திறப்பு மனைவியிடமோ துணைவரிடமோ இருக்கிறது என்று அணிபவர் நினைக்கிறார். உண்மையில் அது முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் வழங்கியில் இருக்கிறது. மூன்றாவது ஆளொருவர் அறைக்குள் வந்து நிற்பதை இருவரும் அறியார். சம்மதம் என்பது ஒருதடவை கொடுத்துவிட்டு மறந்துவிடும் கையொப்பம் அன்று. எந்தக் கணத்திலும் மீளப்பெறக்கூடியதாக இருந்தாற்றான் அதற்குச் சம்மதம் என்று பெயர். போதும் என்று சொன்ன பின்னரும் திறக்க மறுக்கும் துணைவர் செய்வது விளையாட்டே அல்ல. இங்கிலாந்தில் துணைவரைத் திரும்பத் திரும்ப அடக்கியாளும் நடத்தை, 2015ஆம் ஆண்டின் பாரதூரக் குற்றச் சட்டத்தின் 76ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாக இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் ஆண் என்பதால் அப்பிரிவு பொருந்தாமற் போய்விடாது. இதை வெளியே சொல்ல வெட்கப்படும் ஆண்களை நினைத்தே எழுதுகிறேன்.

செல்மேற் சம்பவத்துக்குப் பின் யாராவது பாடம் படித்தார்களா? 2023 செப்டெம்பரில் ரெக்கிறஞ்ச் என்ற இணையச் செய்தித்தளம் இன்னொரு நிறுவனத்தைப் பற்றி எழுதியது. இணையத்துடன் இணைந்த கூடு ஒன்றை விற்கும் அந்நிறுவனத்தின் தரவுத்தளத்தில் 10,000க்கும் மேற்பட்டவர்களின் விபரங்களை ஓர் ஆய்வாளர் காண முடிந்தது. மின்னஞ்சல் முகவரி, மறைக்குறியாக்கம் செய்யப்படாத கடவுச்சொல், வீட்டு முகவரி, சிலருக்கு அவர்கள் இருக்கும் இடத்தின் துல்லியமான ஆள்கூறுகள். ஆய்வாளர் நிறுவனத்துக்கு எழுதினார், பயனில்லை. கடைசியில் அந்நிறுவனத்தின் முகப்புப் பக்கத்திலேயே எச்சரிக்கை ஒன்றைப் பதித்தார். நிறுவனத்தினர் ஒரு நாளுக்குள் எச்சரிக்கையை அழித்துத் தளத்தைப் பழையபடி ஆக்கினர். துவாரத்தை அடைக்கவில்லை. அதனாலேயே செய்தித்தளம் அதன் பெயரை வெளியிடாது விட்டது. வெளியிட்டிருந்தால் திருடருக்கு வழிகாட்டியதாக முடிந்திருக்கும். செய்தித்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் அந்த முடிவு சரியானது என்பேன்.

சட்டங்கள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. இணையத்துடன் இணையும் பாவனைப் பொருட்களுக்கு இலகுவில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் வைப்பதைத் தடுக்கும் பிரித்தானிய விதிகள் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 டிசெம்பரில் அமுலுக்கு வந்தது. அதன் முக்கிய கடப்பாடுகள் 2027 டிசெம்பரிலேயே பொருந்தத் தொடங்கும். நல்லவைதான். ஆனால் இவை தரவைக் காப்பவை. உடலைப் பூட்டும் எந்தப் பொருளுக்கும் கையாற் திறக்கும் வழி ஒன்று இருக்கவே வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்பவை அல்ல. மருத்துவக் கருவி என்று விற்றால் சோதனையும் தரச்சான்றும் வேண்டும். வேடிக்கைப் பொருள் என்று விற்றால் அந்தத் தொல்லை இல்லை. இதனாலேயே இவையெல்லாம் வேடிக்கைப் பொருட்களாகின்றன.

எங்கள் பத்திரிகைகளின் பங்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நான் பணிபுரிந்த ஒரு பத்திரிகையில் வைத்தியர் பதிலளிக்கும் பகுதி இருந்தது. வாரந்தோறும் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வரும். அவற்றில் ஆண்களின் உறுப்புச் சம்பந்தமானவை தனியே பிரிக்கப்பட்டுக் குப்பைக்கூடைக்குச் செல்லும். முன்தோலைக் கழுவுவது எப்படி என்று கேட்ட கடிதத்துக்கும் அதுவே கதி. குடும்பப் பத்திரிகை என்பது ஆசிரியபீடத்தின் பதில். அதே இதழின் உட்பக்கத்தில் ஆண்மைக் குறைவுக்கு லேகியம் விற்பவரின் கால்பக்க விளம்பரம் காசு வாங்கிப் பிரசுரிக்கப்பட்டிருக்கும். அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் விடையை லேகியக்காரரிடமே தேடியிருப்பார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லத் தயங்குபவர்களுக்கு நடைமுறை விடயம் ஒன்று. அங்குள்ளவர்கள் இதைவிட விசித்திரமானவற்றைப் பார்த்தவர்கள். எத்தனை மணித்தியாலம் அணிந்திருக்கிறீர்கள், என்ன உலோகம், என்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள் என்ற மூன்றையும் ஒளிக்காமற் சொன்னாற் போதும். காந்த அதிர்வு ஸ்கான் எடுக்க நேர்ந்தால் உலோகம் எதுவும் உடலில் இருக்கக்கூடாது என்பதையும், விபத்தில் நினைவிழந்தால் சிறுநீர்க் குழாய் செலுத்த வேண்டியிருக்கலாம் என்பதையும் எண்ணி, நீண்ட பயணங்களின்போது கழற்றிவைத்துவிட்டுச் செல்வது புத்தி.

நான் வைத்தியன் அல்லன். எழுதியவை பொதுவாக அறியப்பட்டவையே. தமிழில் எழுதக்கூடிய சிறுநீர்த்தொகுதி வைத்திய நிபுணர் எவரேனும் இதைத் திருத்தியோ விரித்தோ எழுத முன்வந்தால், இந்தப் பக்கத்திலேயே அவருக்கு இடமுண்டு. பெயரை வெளியிட விரும்பாவிட்டாலும் பாதகமில்லை. கலைச்சொற்கள் சிலவற்றுக்கு என்னிடம் சரியான தமிழ் இல்லை. அதற்கும் உதவி தேவை.